பதவி உயர்வுக்குப் பிறகு வந்த வெறுமை

கேள்வி: எனக்கு வயது 44. சென்னையில் அரசு உதவி பெறும் மகளிர் கல்லூரி ஒன்றில் தாவரவியல் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து படிக்க வந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, பாசிகளில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றேன். 2008-இல் பணியில் சேர்ந்தேன். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, சென்ற ஆண்டு இணைப் பேராசிரியர் ஆணை கைக்கு வந்தது. துறையில் இனிப்பு கொடுத்தேன். அம்மா ஊர்க் கோயிலில் பொங்கல் வைத்தார். அந்த மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. இப்போது என் நேரமெல்லாம் கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான ஆவணங்களிலும் கூட்டங்களிலும் போகிறது. நுண்ணோக்கியைத் தொட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பதவி உயர்வுப் புள்ளிகளுக்காகக் காசு கட்டிச் சில கட்டுரைகளை வெளியிட்டதை நினைத்தால் கூசுகிறது. பணி நிரந்தரம் இல்லாமல் கௌரவ விரிவுரையாளராகவே காலம் தள்ளும் தோழிகளை நினைத்தால், என் குறையைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. ‘நல்ல சம்பளம், நல்ல பெயர், இதற்கு மேல் என்ன வேண்டும்?’ என்கிறார் கணவர். வரும் ஜூனில் துறைத் தலைவர் பொறுப்பு என்னிடம் வருகிறது. தனியார் பல்கலைக்கழகம் ஒன்று ஆராய்ச்சிப் பிரிவின் டீன் பதவிக்கு அழைக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய் நாற்றுப் பண்ணை வைக்கலாமா என்றும் தோன்றுகிறது. நான் தவறான தொழிலில் இருக்கிறேனா? என் முதுகலை மாணவி ஒருத்தி முனைவர் பட்ட ஆய்வில் சேரலாமா என்று கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம். உங்கள் கடிதம் நீளமானது. மேலே இருப்பது அதன் சுருக்கம்தான். சுருக்கத்தில் விட்டுப்போன சில வரிகளை அடிப்படையாகக் கொண்டுதான் இந்தப் பதிலின் பெரும்பகுதியை எழுதுகிறேன். தவறான தொழிலில் இருக்கிறீர்களா என்ற கேள்விக்கு, கடிதத்தை வைத்துப் பார்த்த அளவில், இல்லை என்பதே என் பதில். ஆனால் அதை விளக்குவதற்கு முன் உங்கள் உடல்நிலையைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது.

விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுவதாகவும் பிறகு உறக்கம் பிடிப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். 44 வயதில் ஒரு பெண் இப்படிச் சொன்னால், தைராய்டு, ஹீமோகுளோபின் ஆகிய இரண்டையும் பார்த்துவிடுங்கள் என்றும், மாதவிடாய்ச் சுழற்சியில் மாற்றம் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றும் முதலில் கூறுவது என் வழக்கம். வாழ்வின் பொருளைப் பற்றிய பெரிய கேள்விகளில் சில, இரத்தசோகை சரியானதும் பாதியாகக் குறைந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். அடுத்ததாக, இந்தச் சலிப்பு கல்லூரி வாசலோடு நின்றுவிடுகிறதா, வீட்டுக்குள்ளும் வருகிறதா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மகனோடு கிரிக்கெட் பார்த்துக் கத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல அறிகுறி. எதிலுமே நாட்டமில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரோடு இருந்தென்ன என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால் தள்ளிப்போடாமல் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

உங்கள் கடிதத்தில் தெரிவது, என் கணிப்பில், பணிச்சோர்வு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இதை நோயாகச் சேர்க்கவில்லை. பணியிடத்தோடு தொடர்புடைய ஒரு நிலை என்றே வரையறுத்து, மூன்று அடையாளங்களைச் சொல்லியிருக்கிறது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி எதிலும் கசப்பு ஏற்படுதல், செய்வதில் பயனில்லை என்ற உணர்வு. உங்களிடம் இரண்டாவதுதான் மிகுதி. மாணவிகள் பெயராக நினைவுக்கு வராமல் பதிவெண்ணாக வருகிறார்கள் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பாடம் நடத்தத் தெரியாதவருக்கு இது உறுத்தாது; நன்றாக நடத்திப் பழகியவருக்குத்தான் உறுத்தும்.

இனி, ஒரு மாதத்தில் கரைந்துபோன அந்த மகிழ்ச்சியைப் பற்றிப் பேசலாம். இதை உங்கள் மனக்குறையாக, நன்றியின்மையாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அது அப்படியல்ல என்பதற்கு, உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களை வைத்தே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் உதவிப் பேராசிரியர்களிடம், பணி நிரந்தரம் கிடைத்தால் எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பீர்கள், மறுக்கப்பட்டால் எவ்வளவு துயரப்படுவீர்கள் என்று கேட்டார்கள். கிடைத்தால் ஆண்டுக்கணக்கில் மகிழ்ச்சி நிலைக்கும், கிடைக்காவிட்டால் ஆண்டுக்கணக்கில் துவண்டுபோவோம் என்றே அவர்கள் கணித்தார்கள். பிறகு, முந்தைய ஆண்டுகளில் நிரந்தரம் பெற்றவர்களையும் மறுக்கப்பட்டவர்களையும் தேடிப்பிடித்து, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, இரு சாராரின் மகிழ்ச்சியிலும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. நமக்குப் பிற்காலத்தில் எது நேரும் என்பதை ஓரளவு சரியாகவே ஊகிக்கிறோம். அது நேர்ந்தபின் எப்படி உணர்வோம் என்பதையும், அந்த உணர்வு எத்தனை நாள் நிற்கும் என்பதையும்தான் தப்பாகக் கணக்கிடுகிறோம்.

கல்லூரி ஆசிரியர் வாழ்க்கை இந்தத் தப்புக் கணக்கை வளர்ப்பதற்கென்றே அமைத்ததுபோல் இருக்கிறது. முதுகலை முடித்தால் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு. நெட் முடித்தால் முனைவர் பட்டம். பட்டம் வந்தால் வேலை. வேலை வந்தால் பணி வரன்முறை. அதன்பின் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் ஊதிய அட்டவணையில் 10-ஆம் நிலையிலிருந்து 11, 12, 13ஏ என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கோப்பு, ஒரு நேர்காணல், ஒரு காத்திருப்பு. இருபது ஆண்டுகளாக ‘அடுத்தது கிடைக்கட்டும், பிறகு நிம்மதியாக நம் வேலையைப் பார்க்கலாம்’ என்று சொல்லிச் சொல்லியே நிம்மதியைத் தள்ளிவைக்கும் பழக்கம் ஊறிவிடுகிறது. முதல் பட்டதாரிகளிடம் இது இன்னும் அழுத்தமாக இருப்பதைப் பார்க்கிறேன். அவர்கள் ஏறும் ஒவ்வொரு படியிலும் வீட்டார் எல்லோரும் கூட ஏறுகிறார்கள். உங்கள் அம்மா வைத்த பொங்கல் அந்த ஊருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் மெய்யான திருநாள்தான். அதில் உங்கள் பங்கு மகிழ்ச்சி குறைவாக இருந்தது என்பதற்காக அதைப் பொய்யாக்கிவிட வேண்டாம்.

இந்த இடத்தில், ஆசிரியர் ஓய்வறைகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இனி உங்களுக்கு மீதமிருப்பது ஒரே படி, 14-ஆம் நிலைப் பேராசிரியர் பதவி. 2018-ஆம் ஆண்டு யுஜிசி ஒழுங்குமுறைகளின்படி, கல்லூரியில் அந்தப் பதவியைப் பெற மற்றத் தகுதிகளோடு பத்து ஆய்வுக் கட்டுரைகளாவது வேண்டும். அதை நீங்கள் விரும்பினால் முயலலாம். விரும்பாவிட்டால் உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் இப்போது இருக்கும் 13ஏ என்பது 1,31,400 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் தொடங்கும் நிலை. ஓய்வு பெற இன்னும் பதினாறு ஆண்டுகள் இருக்கின்றன. இந்தப் பதினாறு ஆண்டுகளும் எந்தப் புள்ளிக்காகவும் எதையும் எழுத வேண்டிய தேவை இல்லாதவை. பணிக்காலத்தில் முதன்முறையாக உங்களுக்கு இப்படியொரு விடுதலை கிடைத்திருக்கிறது. அதைக் கவனிக்காமல், பழைய பழக்கத்தில் அடுத்த படி எங்கே என்று கண்கள் தேடுவதால்தான் வெறுமையாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் உங்களைப் புரிந்துகொள்ளவில்லை என்பதைவிட, நீங்கள் இருவரும் வெவ்வேறு பொருளைப் பேசுகிறீர்கள் என்பதே சரி. ராய் பாமைஸ்டரும் மற்றவர்களும் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ஏறத்தாழ 400 பேரிடம், உங்கள் வாழ்க்கை மகிழ்ச்சியானதா என்றும் பொருளுள்ளதா என்றும் தனித்தனியே கேட்டார்கள். இரண்டும் பெருமளவு சேர்ந்தேதான் வந்தன. ஆனால் பிரிந்த இடங்கள்தான் நமக்கு முக்கியம். தேவைகள் நிறைவேறுவது, பணத் தட்டுப்பாடு இல்லாதது, உடல்நலம் ஆகியவை மகிழ்ச்சியோடு தொடர்புகொண்டிருந்தன. பொருளுள்ள வாழ்க்கையோடு அவற்றுக்கு அவ்வளவாகத் தொடர்பில்லை. மாறாக, பிறருக்குக் கொடுப்பதும், கடந்ததையும் வருவதையும் இன்றோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பதும், ஏன், கவலையும் மன அழுத்தமும்கூட, பொருளுள்ள வாழ்க்கையோடு சேர்ந்து வந்தன. கணவர் கேட்பது முதலாவதைப் பற்றி. அவர் சொல்வதும் உண்மை: வீட்டுக்கடன் தவணை தவறாமல் போகிறது, மகன் படிக்கிறான், குறையில்லை. நீங்கள் கேட்பது இரண்டாவதைப் பற்றி. ‘எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஆனால் நான் கற்றது யாருக்கும் பயன்படாமல் போகிறது என்று இருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். சம்பளத்தைப் பற்றிய பேச்சாக அது இல்லாததால், அவரும் வேறு விதமாகக் காதுகொடுப்பார்.

கௌரவ விரிவுரையாளர்களாக இருக்கும் தோழிகளை நினைத்து வெட்கப்படுவதில் ஒரு நல்ல மனம் இருக்கிறது. ஆனால் நீங்கள் வாய்மூடி இருப்பதால் அவர்களில் ஒருவருக்கும் பணி நிரந்தரம் வந்துவிடப் போவதில்லை. அவர்களில் ஒருவரையாவது உங்கள் ஆய்வில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டால், அந்த வெட்கம் ஒரு வேலையாக மாறும்.

இப்போது சுருக்கத்தில் விட்டுப்போன அந்த வரிகள். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். விடிவதற்குள் வீட்டிலிருந்து கிளம்பி எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போவீர்கள். சேற்றில் கணுக்கால் புதைய நின்று, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடிக்கும் மிதவை வலையை இழுப்பீர்கள். அதன் அடிக்குப்பியில் சேர்ந்த கலங்கல் நீரைச் சீசாவில் ஊற்றி, மாதிரி கெடாமல் காக்கும் லூகால் அயோடினைச் சொட்டு சொட்டாக, நீர் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வரும்வரை விடுவீர்கள். ஒருநாள் இறால் தடவிக்கொண்டிருந்த ஓர் அம்மா, ‘இன்னாம்மா தண்ணியில தேடிக்கினு கீற?’ என்று கேட்க, ‘கண்ணுக்குத் தெரியாத பாசிம்மா’ என்று நீங்கள் சொல்ல, ‘கண்ணுக்குத் தெரியாததுக்கு இம்மாந்தூரம் வந்தியா’ என்று அவர் சிரித்தார். அன்று மாலை ஆய்வகத்தில், கண்ணாடி ஓடு போர்த்திய டயட்டம் என்னும் நுண்பாசி ஒன்று நுண்ணோக்கியின் வட்டத்துக்குள் மெல்ல ஊர்ந்து குறுக்கே போனது. நீங்கள் இரவு உணவை மறந்தீர்கள். கடிதம் முழுக்க ‘வேண்டியிருக்கிறது’, ‘கட்டாயம்’, ‘முடியவில்லை’ என்ற சொற்கள் நிரம்பிக் கிடக்கின்றன. இந்தப் பத்தியில் மட்டும் ஒன்றுகூட இல்லை. தவறான தொழிலில் இருப்பவர் இருபது ஆண்டுக்கு முன் பார்த்த ஒரு பாசியின் நடையை இப்படி எழுதமாட்டார். உங்களுக்குக் கசந்துபோனது உங்கள் துறை இல்லை. அந்தத் துறைக்கும் உங்களுக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொண்ட மற்ற வேலைகள்.

உங்கள் ஆய்வு முன்னோடி என்று எம்.ஓ.பி. அய்யங்காரின் பெயரைக் குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்குத் தாவரவியல் தெரியாது; ஆகவே தேடிப் படித்தேன். 1886-இல் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் படித்தவர், அருங்காட்சியகத்திலும் கல்லூரிகளிலும் வேலை பார்த்தவர், நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் லண்டனுக்குப் போய்ப் பாசியியல் அறிஞர் எஃப். இ. ஃபிரிட்ச்சிடம் ஆய்வு செய்திருக்கிறார். 1932-இல் தாம் விவரித்த பாசிப் பேரினத்துக்கு ஃபிரிட்சியெல்லா என்று ஆசிரியரின் பெயரையே வைத்திருக்கிறார். இன்று நீங்கள் இளங்கலை வகுப்பில் நடத்தும் அந்தப் பாசியின் பெயர், நடுவயதில் மீண்டும் மாணவரான ஒருவர் இட்டது. காலம் கடந்துவிட்டது என்ற உங்கள் வரிக்கு இதற்கு மேல் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வேலையை மாற்றினால் மனம் மாறும் என்று நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏமி விரெஸ்னியெவ்ஸ்கி 1997-இல் மற்றவர்களோடு வெளியிட்ட ஆய்வில், தம் வேலையைச் சிலர் பிழைப்பாகவும் சிலர் முன்னேறும் ஏணியாகவும் சிலர் வாழ்வின் பணியாகவும் பார்ப்பதை எடுத்துக்காட்டினார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒரே வகையான அலுவலக உதவியாளர் வேலையில் இருந்தவர்களே இந்த மூன்று வகைகளிலும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்திருந்தார்கள். பின்னர் 2001-இல் ஜேன் டட்டனுடன் சேர்ந்து, ஊழியர்கள் தம் வேலையின் உள்ளடக்கத்தையும் அதில் யாரோடு பழகுகிறோம் என்பதையும் தாங்களே சிறிது சிறிதாகத் திருத்தியமைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதுவே. வேலையை விடுவதற்கு முன், அந்த வேலைக்குள் உங்கள் மணிநேரங்களை இடம் மாற்றிப் பாருங்கள்.

அதற்கு முதலில் அவை எங்கே போகின்றன என்று தெரிய வேண்டும். அதே 2018 ஒழுங்குமுறைகள், இணைப் பேராசிரியருக்கு வாரத்தில் 40 மணி நேரப் பணியில் 14 மணி நேரம் நேரடி வகுப்பு என்று சொல்கின்றன. மீதி 26 மணி நேரம் எங்கே போகிறது? இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு நோட்டில், ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தீர்கள் என்று ஒற்றை வார்த்தையில் குறித்து வாருங்கள். வகுப்பு, தயாரிப்பு, ஆவணம், கூட்டம், வாட்ஸப் குழுவுக்குப் பதில், மாணவியோடு பேச்சு, ஆய்வு. நான் சந்திக்கும் ஆசிரியர்கள் பலருக்கு இந்த நோட்டு அதிர்ச்சி தருகிறது. ஒரே தகவலை மூன்று படிவங்களில், மூன்று அலுவலகங்களுக்காக, மூன்று மாதிரி நிரப்பியது அப்போதுதான் கண்ணில் படுகிறது. நாக் அமைப்பு 1994-இலிருந்து இருக்கிறது, கல்வி நிறுவனங்களுக்கான என்ஐஆர்எஃப் தரவரிசை 2016-இலிருந்து வருகிறது; இவை இனி போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்தச் சுமை முழுவதும் ஒருவர் தலையிலேயே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ‘மேடம் செய்தால் பிழையில்லாமல் இருக்கும்’ என்ற பாராட்டே பல இடங்களில் அந்த ஒருவரைப் பிடித்து உட்காரவைக்கிறது.

முதல்வரிடம் பேசும்போது முடியாது என்று தொடங்காதீர்கள். ‘இந்தச் சுற்று நாக் மதிப்பீடு முடியும்வரை நானே பார்த்துக்கொள்கிறேன். இப்போதே இன்னொருவரைக் கூடச் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறேன். அது முடிந்ததும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் துறையின் ஆய்வுக்கூடத்தை மீண்டும் நடத்த விரும்புகிறேன்’ என்று சொல்லி, அன்றே அதை ஒரு பக்கக் கடிதமாகவும் கொடுத்துவிடுங்கள். வாய்ப்பேச்சாக இருந்தால் அடுத்த வாரமே மறந்துபோகும். துறைத் தலைவர் பொறுப்பு பணிமூப்பு முறையில் வருவதால் அதை மறுப்பது உங்களுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் சங்கடம், ஏற்றுக்கொள்ளுங்கள். கால அட்டவணை உங்கள் கைக்கு வருகிறது என்பதை மறக்க வேண்டாம். வாரத்தில் ஒரு பிற்பகலை, புதன் என்று வைத்துக்கொள்ளுங்களேன், நுண்ணோக்கிக்கென்று ஒதுக்கி, அட்டவணையிலேயே அச்சிட்டுவிடுங்கள். அட்டவணையில் இருப்பதைக் கல்லூரி மதிக்கும். உங்கள் மனத்தில் மட்டும் இருப்பதை மதிக்காது.

அந்தப் பிற்பகலில் என்ன செய்வது? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம், நிதிக்கு விண்ணப்பிக்கவும் வேண்டாம். டயட்டம்களின் வகையும் எண்ணிக்கையும் நீரின் மாசுக்கு ஏற்ப மாறும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர் வலைகளும் படகுகளும் கறுத்துப்போனதைச் சென்னை முழுவதும் பார்த்தது. அந்த நீரில் இருபது ஆண்டுக்கு முன் என்னென்ன இருந்தன என்பதற்கான குறிப்பேடு உங்கள் அலமாரியில் இருக்கிறது. அதே இடங்களில், அதே மாதங்களில் மீண்டும் நீர் எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும்? இதைச் சொல்லத் தகுதி எனக்கில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கே தெரிந்துகொள்ள ஆவலாகிவிட்டது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. இந்த நகரத்தில் நீரைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை; ஒரு சொட்டு நீரில் இருப்பதைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நீட் தேர்வில் இடம் கிடைக்காமல் மனம் உடைந்து முதலாமாண்டில் வந்து உட்காரும் மாணவிகள் உங்களையும் சோர்வடையச் செய்வதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் தாவரவியலை வெறுத்து வரவில்லை. வேறொன்றை இழந்த துக்கத்தில் வந்திருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே பாடத்திட்டத்தை எடுக்காமல், கோயில் குளத்து நீரோ கல்லூரித் தொட்டி நீரோ ஒரு சொட்டு எடுத்து, ஒவ்வொருத்தியையும் நுண்ணோக்கியில் பார்க்கவிடுங்கள். மருத்துவம் படிக்க ஆசைப்பட்ட பெண்ணுக்கு, உயிருள்ள ஒன்றை உற்றுப் பார்க்கும் ஆசை ஏற்கெனவே இருந்திருக்கும். உங்களுக்கும் ஒன்று தேவை. ஆடம் கிராண்ட் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்கள், அந்த நன்கொடையால் படித்த ஒரு மாணவரைச் சில நிமிடம் சந்தித்துப் பேசினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் பேசிய நேரமும் திரட்டிய தொகையும் இரு மடங்குக்கு மேல் கூடியிருந்தன. சம்பளமோ வேலையோ மாறவில்லை. தம் வேலையால் பயனடைந்த ஒரு முகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பதினேழு ஆண்டுகளில் உங்களிடம் படித்துப் போனவர்களில் இருவரையாவது அழைத்துத் துறையில் பேசவிடுங்கள். மாணவிகளுக்காக என்று அழையுங்கள். கேட்டுக்கொண்டு பின்வரிசையில் நீங்களும் உட்காருங்கள்.

காசு கொடுத்து வெளியிட்ட கட்டுரைகளைப் பற்றி. அவற்றில் உள்ள தரவுகள் உங்களுடையவை, உண்மையானவை என்றால், கூச்சம் இதழைப் பற்றியதே தவிர ஆய்வைப் பற்றியது இல்லை. மட்டமான இதழ்களை வடிகட்ட யுஜிசி 2019-இல் கேர் பட்டியல் என்று ஒன்றைக் கொண்டுவந்து, 2025-இல் அதையும் கைவிட்டது. இந்தச் சந்தைக்குள் தள்ளப்பட்டவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. இனி அப்படி ஒன்றுகூட வேண்டாம். உங்களிடம் ஆய்வு செய்யும் பெண்களையும் அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள். தரவே உங்களுடையது இல்லை என்றால் அது வேறு விஷயம்; அதைத் திரும்பப் பெறும்படி இதழுக்கு எழுத வேண்டும், அதில் நான் சமாதானம் சொல்லமாட்டேன்.

டீன் பதவியை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. எதனால் களைத்துப் போயிருக்கிறீர்களோ அதையே கூடுதல் சம்பளத்துக்கு முழுநேரமும் செய்யச் சொல்கிறார்கள். மற்றவர்களை ஆண்டுக்கு இத்தனை கட்டுரை எழுதுங்கள் என்று விரட்டும் வேலை அது. சந்தேகம் இருந்தால் அவர்களிடமே, நான் நுண்ணோக்கியில் உட்கார வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன் எவ்வளவு யோசிக்கிறார்கள் என்பதும் ஒரு பதில்தான். நாற்றுப் பண்ணையைப் பொறுத்தவரை, அது தொழில் ஆசையா, ஓய்வு ஆசையா என்று எனக்குத் தெளிவாகவில்லை. உங்களுக்கும் தெளிவில்லை என்றே படுகிறது. மே மாதம் விடுமுறையில் ஊரில் ஒரு மாதம் தங்கி, பண்ணை வைத்திருக்கும் யாரோடாவது வேலை செய்து பாருங்கள். நான்கு நாளில் உறக்கம் சீராகி, பத்தாம் நாள் கல்லூரி நினைவு வந்தால், உங்களுக்கு வேண்டியிருந்தது விடுமுறை. மாதக் கடைசியிலும் கிளம்ப மனமில்லை என்றால், அதைப் பொறுப்பாகப் பேசத் தொடங்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வரமாட்டார்கள். விலகுவதற்கு முன் கையில் என்ன வரும் என்று கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோபத்தில் எழுதும் பதவி விலகல் கடிதத்துக்குக் கணக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் ஒரு பருவம் முழுவதும் செய்து பார்த்த பிறகும், புதன்கிழமைப் பிற்பகல் வரும்போது ஆய்வுக்கூடத்துக்குப் போகக் கால் எழவில்லை என்றால், என் கணிப்பை மாற்றிக்கொள்வேன். அப்போது நேரில் ஓர் ஆலோசகரிடம் சில அமர்வுகள் பேசுவது நல்லது. விலகுவதுதான் சரி என்று முடிவானால் அதில் தோல்வி எதுவும் இல்லை.

கடைசியாக உங்கள் மாணவி. அவளைத் தேற்றவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முனைவர் பட்டம் முடிக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும், நிரந்தர வேலைக்கு அதற்குப் பிறகும் காத்திருக்க நேரிடும், நடுவில் கௌரவ விரிவுரையாளர் வேலைதான் கிடைக்கலாம் என்பதை அவள் பெற்றோரும் இருக்கும்போது சொல்லுங்கள். 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட் போன்ற தேர்வுத் தகுதியே குறைந்தபட்சம், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று யுஜிசி திருத்தியிருப்பதையும் அவளுக்குத் தெரிவியுங்கள்; வேலைக்காக மட்டும் என்றால் ஆய்வில் சேரத் தேவையில்லை. ஆய்வே ஆசை என்றால், முதலில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான ஜேஆர்எஃப் தேர்வை எழுதித் தேறட்டும். 2023 ஜனவரியிலிருந்து அதன் உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். வீட்டில் யாரிடமும் கைநீட்டாமல் படிக்கலாம். அந்தத் தொகை இல்லாமல் ஆய்வில் சேர வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொல்லுங்கள். தேர்வு வருவதற்குள் ஒருநாள் விடிகாலையில் அவளை எண்ணூருக்கு அழைத்துப்போய், மிதவை வலையை அவள் கையில் கொடுங்கள். சேற்றில் இறங்க அவள் தயங்குகிறாளா, நீங்கள் கரையேறச் சொல்லியும் கேட்காமல் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டு, ஆய்வில் சேர்வதா வேண்டாமா என்ற பேச்சை அதன் பிறகு எடுங்கள்.